புள்ளி வைக்காத பெயர்

பொன்னு,

இன்று காலை மாடியிலிருந்து புளித்த கேழ்வரகு மாவின் நெடி கீழே இறங்கி வந்தது. மாடியில் இப்போது கப்பலூர்த் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் ஓர் இளம் தம்பதி குடியிருக்கிறார்கள். அந்தப் பெண் மாவைக் கரைத்து வைத்துவிட்டு அவசரமாக ஊருக்குப் போய்த் திரும்பியிருக்கிறாள். "டீச்சர், மாவு கெட்டுப்போச்சு. கொட்டிரவா?" என்று படியில் நின்று கேட்டாள். நீ இருந்திருந்தால் கொட்ட விட்டிருக்க மாட்டாய். இப்போதுதான் பக்குவம் வந்திருக்கிறது என்று சொல்லி, அகலமான சட்டியில் ஊற்றி, ஒரு பக்கம் மட்டும் வேகவைத்து, துணி மடிப்பது போல மடித்து வைத்திருப்பாய். எனக்கு அந்தப் புளிப்பு நாக்கில் நிற்காது. உனக்கு எங்கள் கேழ்வரகுக் களி தொண்டையில் இறங்காது. உங்கள் ஊரில் தகுசா, எங்கள் ஊரில் கேழ்வரகு, தானியம் ஒன்று.

அவளைக் கொட்டிவிடச் சொல்லிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன். நீ போய் ஓர் ஆண்டு ஆகப்போகிறது. எழுதினால் எங்கே அனுப்புவது என்று இதுவரை எழுதாமல் இருந்தேன். இன்று அனுப்புவதைப் பற்றி யோசிக்காமல் எழுதுகிறேன்.

எத்தியோப்பியாவில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளராக இருந்துகொண்டு, முனைவர் பட்டத்துக்காக எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கு வந்தவள் நீ. உன் ஆய்வை வழிநடத்திய பேராசிரியர், கைடு என்றே எல்லாரும் சொல்வார்கள், எங்கள் தெருக்காரர். உனக்காக நாகமலைப் பக்கம் வீடு வீடாகக் கேட்டு அலுத்துப்போய் என்னிடம் வந்தார். வீடு காலியில்லை என்று சொன்னவர்களின் வாசலில் 'வீடு வாடகைக்கு' என்ற அட்டை தொங்கிக்கொண்டுதான் இருந்தது என்றார். என் மாடி அப்போது காலியாகக் கிடந்தது.

எதிர்வீட்டு ராக்கம்மா அக்கா முதல் நாளே உன்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏன் டீச்சர், கரண்டு போனா இந்தப் பிள்ளைய எங்கிட்டுப் போய்த் தேடுவீங்க?" என்று சிரித்தார். உனக்குத் தமிழ் தெரியாதே என்று நான் ஆறுதல் பட்டுக்கொண்டேன். அடுத்த ஆண்டு, உனக்குத் தமிழ் வந்த பிறகு, ஒரு சாயங்காலம் தெருவில் மின்சாரம் போனது. நீ மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "ராக்கம்மாக்கா, பயப்படாதீங்க. நானே தேடிக்கிட்டு வாரேன்" என்றாய். தெருவே சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் ஒரு கிண்ணம் கருவாட்டுக் குழம்போடு உன் வாசலுக்கு வந்தார்.

உனக்குப் பெயர் வைத்ததும் அவர்தான். வொர்க்னெஷ் என்ற உன் பெயருக்கு உங்கள் மொழியில் 'நீ பொன்' என்று அர்த்தம் என்றாய். "அப்ப பொன்னுத்தாயினு சொல்லு. எங்க நாத்தனா பேரும் அதேதான். வாய்க்குள்ள நுழையாத பேர எதுக்குச் சொல்லிக்கிட்டு" என்றார். அன்றிலிருந்து ஆரப்பாளையம் பஸ்ஸின் கண்டக்டருக்குக்கூட நீ பொன்னுத்தாயிதான்.

உன் பெயருக்குப் பின்னால் வரும் பெக்கெலெ உன் குடும்பப் பெயர் என்று நான் நினைத்திருந்தேன். நீ தலையாட்டி மறுத்தாய். உங்கள் நாட்டில் குடும்பப் பெயரே கிடையாது, தன் பெயருக்குப் பின்னால் அப்பாவின் பெயர், அவ்வளவுதான். பெக்கெலெ என்றால் முளைத்தான் என்று பொருள். எங்களுக்கும் அப்படித்தானே, ஆனால் நாங்கள் அப்பாவை முன்னால் ஓர் எழுத்தாக வைத்துக்கொள்வோம் என்றேன். "ஒரே எழுத்தா?" என்று கேட்டு, என் வாசலில் இருந்த பெயர்ப்பலகையை உற்றுப் பார்த்தாய்.

உன் ஆய்வின் கதையை நான் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். வகுப்பில் உதாரணம் சொல்லியே பழகிய வாய், விட மாட்டேன் என்கிறது. கேழ்வரகில் குலை நோய் வந்தால் கதிரின் கழுத்து கறுத்து, மணி பிடிக்காமல் பதராகும். நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒரு மழைக்காலத்தில் உங்கள் மேட்டு நிலம் முழுவதும் அப்படிப் பதராகிப்போனது. உங்கள் வீட்டு வயலில் மட்டும் பாதிக்கு மேல் மிஞ்சியது. ஊரார் அதற்கு ஏதேதோ காரணம் சொன்னார்கள். "எங்க அப்பா சோம்பேறி டீச்சர்" என்றாய் நீ. மற்றவர்கள் கறுப்பு விதையையும் வெள்ளை விதையையும் தனித்தனியே பொறுக்கி விதைத்தபோது அவர் களத்தைக் கூட்டி அள்ளியதை அப்படியே விதைத்திருக்கிறார். இரண்டு ரகமும் கலந்து நின்ற வயலில் நோய் ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்குத் தாவ முடியாமல் திணறியிருக்கிறது. இது உனக்குப் படித்துப் பட்டம் வாங்கிய பிறகுதான் தோன்றியது. தோன்றியதை நிரூபிக்கத்தான் கடல் தாண்டி வந்தாய்.

கீழக்குயில்குடியில் சமணர் மலைக்குக் கீழே ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்தாய். நிலத்துக்காரர் பாண்டி அண்ணன் நீ சொன்ன விகிதத்தில் விதையைக் கலந்துகொண்டே, "விதையில கலப்படம் பண்ணச் சொல்ற மொத ஆபீசரு நீதான் தாயி. போலீஸ் வந்தா உம் பேரத்தான் சொல்லுவேன்" என்றார். "எம் பேர முழுசாச் சொல்லுங்கண்ணே" என்றாய். வெயிலில் உன் நோட்டுக்குக் குடை பிடித்தபடி நானும் சில நாள் வரப்பில் நின்றிருக்கிறேன். முப்பது ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவளுக்கு ஓய்வுக்குப் பிறகு வயலில் வேலை கிடைத்தது என்று என் மகன் சென்னையிலிருந்து கேலி பேசினான்.

வந்த இரண்டாம் ஆண்டில் உன் அப்பா இறந்துபோனார். போனில் அழுகைச் சத்தம்தான் உனக்குக் கிடைத்தது. விமானம் ஏறிப் போய்வர வழியில்லை. அன்று மாடியில் நீ எதுவும் சமைக்கவில்லை. நான் கொண்டுவந்த கஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டே பேசத் தொடங்கினாய். ஆங்கிலத்தில் ஆரம்பித்து, பாதியில் தமிழுக்கு மாறினாய்.

"அப்பா பேரு எங்கயும் அச்சுல வந்ததில்ல டீச்சர். கல்யாணப் பத்திரிகைகூட எங்க ஊர்ல அடிக்க மாட்டாங்க. என் பேப்பர்ல வரும். நான் வர வைப்பேன்."

அதற்குப் பிறகு உன் கட்டுரை எனக்கும் வேறொன்றாகத் தெரியத் தொடங்கியது.

இரண்டு பருவம் முடிந்து கட்டுரை தயாரானது. ஒவ்வொரு வரியையும் நான் பார்த்துத் திருத்தினேன். வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பினோம். மதிப்பீட்டாளர் இரண்டே பத்தியில் திருப்பி அனுப்பினார். உள்ளடக்கத்தைப் பற்றி அதிகம் இல்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசும் ஒருவரிடம் கொடுத்துத் திருத்தி வாங்கவும் என்று எழுதியிருந்தார். எந்த வாக்கியத்தில் பிழை என்று ஒன்றைக்கூடக் காட்டவில்லை. நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி மறுபடி படித்தேன். பள்ளியில் பிள்ளைகளின் தாளில் பிழையைச் சுழித்துக் காட்டாமல் ஒருநாளும் மதிப்பெண் குறைத்ததில்லை நான். நீதான் தேற்றினாய். "அவங்க இங்கிலீஷப் பாக்கல டீச்சர். காலேஜ் எந்த ஊர்ல இருக்குனு பாத்துட்டாங்க."

அடுத்த ஆய்விதழ் ஏற்றுக்கொள்ளத் தயாராக இருந்தது. ஆனால் வெளியிட அவர்கள் கேட்ட கட்டணம் உன் கல்லூரிச் சம்பளத்தில் பல மாதத்தை விழுங்கும். அதற்கடுத்தது, இது உள்ளூர் முக்கியத்துவம் மட்டுமே உடையது என்றது. அன்று நீ மொட்டைமாடிச் சுவரில் சாய்ந்துகொண்டு மெதுவாகச் சொன்னாய்: "அவங்க கோதும உலகத்துக்கு. எங்க கேழ்வரகு உள்ளூருக்கு." எத்தனை கோடிப் பேர் தின்றாலும் அது உள்ளூர்தானா என்று நான் கேட்டேன்.

இடையில் ஆரப்பாளையத்தில் ஆய்வேடு தட்டச்சு செய்து கட்டித் தரும் கடைக்காரர் ஒருவர் உனக்கு வழி சொன்னார். "இதுக்கு எதுக்குக்கா இம்புட்டு அலைச்சல்? ஒரே வாரத்துல இன்டர்நேஷனல் ஜர்னல்ல போட்டுத் தாரேன். படிக்கக்கூட மாட்டாங்க, அப்படியே போட்டுருவாங்க." நீ அவரிடம், படிக்காமல் போடுகிறவர்களுக்கும் படிக்காமல் திருப்பி அனுப்புகிறவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டாயாம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரித்தாய். சிரித்து முடித்ததும் முகம் சுருங்கிப்போனது. உதவித்தொகை முடியும் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. கட்டுரை வெளிவராமல் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியாது.

கடைசியில் உன் கைடுதான் காப்பாற்றினார். தனக்குத் தெரிந்த நல்ல ஆய்விதழ் ஒன்றுக்கு, இணையத்தில் விவரங்களை எல்லாம் தானே நிரப்பி அனுப்பினார். ஏற்றுக்கொண்டார்கள். அச்சானது. கையில் அல்வாப் பொட்டலத்தோடு ஓடி வந்தார் மனிதர். கம்ப்யூட்டரைத் திறந்து காட்டினார். ராக்கம்மா அக்காகூட வந்து எட்டிப் பார்த்தார். தலைப்புக்குக் கீழே உன் பெயர் இருந்தது. 'பி. வொர்க்னெஷ்' என்று இருந்தது.

கைடு நம் ஊர் வழக்கப்படி உன் அப்பாவை இனிஷியலாக்கி முன்னால் வைத்திருக்கிறார். அவர் பெயர் அப்படி, என் பெயர் அப்படி, அவரிடம் பட்டம் வாங்கிய அத்தனை பேரின் பெயரும் அப்படி. அது ஒரு முடிவு என்றே அவருக்குத் தோன்றியிருக்காது. நீ திரையையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"எங்க அப்பா ஒரு புள்ளி ஆயிட்டாரு டீச்சர்" என்றாய்.

கைடு முதலில் சிரித்தார். பிறகு உன் முகத்தைப் பார்த்துவிட்டுத் தடுமாறினார். "ஏம்மா, எம் பேர்லயும் எங்கப்பா புள்ளிதாம்மா. அவரு கோவிச்சுக்கவா செஞ்சாரு?" என்றார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல மனிதர். நீ அவரைத் தேற்ற வேண்டியதாயிற்று. அல்வாவைப் பிரித்து நீயே எல்லாருக்கும் கொடுத்தாய். பெயரைத் திருத்தக் கேட்டு எழுதினோம். வெளியான பிறகு ஆசிரியர் பெயரை மாற்றும் வழக்கம் இல்லை என்று மரியாதையான பதில் வந்தது.

பட்டம் வாங்கிக்கொண்டு நீ ஊருக்குப் போனாய். அந்தப் புள்ளி உன்னோடு அங்கேயும் வந்தது. உன் வயல்களில் ஆய்வைத் தொடர நிதி கேட்டபோது, கடைசியில் நிற்கும் பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும் கணினி, உன் விண்ணப்பத்தில் 'பெக்கெலெ' என்றும், கட்டுரையில் 'வொர்க்னெஷ்' என்றும் இரண்டு ஆட்களைக் காட்டியிருக்கிறது. கட்டுரை இன்னொருவருடையது என்று நிதிக்குழு சொன்னது. இருவரும் ஒருவரே என்று பல்கலைக்கழகச் சான்று கேட்டார்கள். கைடு அதற்குள் ஓய்வு பெற்று மகனோடு வெளிநாடு போய்விட்டார். நான் போனேன்.

அந்த அலுவலக எழுத்தர் தங்கமான மனிதர்தான். நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். "இனிஷியல் முன்னாடி இருந்தா என்ன, பின்னாடி இருந்தா என்ன டீச்சர்? ஆளு ஒண்ணுதான?" என்றார்.

"அதையே ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க தம்பி."

"அப்படிக் குடுக்க ரூல் இல்லையே. அவங்க நேர்ல வந்து மனுக் குடுக்கட்டும்."

"அவ எத்தியோப்பியாவுல இருக்கா."

"அப்ப அந்த ஊரு தாசில்தார்ட்ட ஒண்ணு வாங்கியாரச் சொல்லுங்க."

பல முறை நடந்த பிறகு, அவருக்கு மேலே இருந்த ஓர் அம்மா, என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவர், கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அன்றைக்கே உனக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். பதில் இல்லை. உங்கள் பகுதியில் சண்டை மூண்டு இணையத்தைத் துண்டித்துவிட்டார்கள் என்பது செய்தியில் பார்த்துத்தான் தெரிந்தது. வெகுநாள் கழித்து உன் குரல் வந்தது. சான்று கிடைத்துவிட்டது, மிக நேர்த்தியாக இருக்கிறது, குழு எப்போதோ கூடிக் கலைந்துவிட்டது என்றாய். "உயிரோட இருக்கோம் டீச்சர். அது போதும்" என்றாய். உன் குரலில் அது போதும் என்று தெரியவில்லை.

அதன் பிறகு நீ செய்ததை நினைத்தால்தான் எனக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றும். நிதி இல்லாமல், உன் சம்பளத்தில், சொந்தக்காரர்கள் வயலில் விதை கலந்து ஆய்வைத் தொடர்ந்தாய். உன்னைப் போலவே திருப்பி அனுப்பப்பட்டுச் சலித்த நண்பர்கள் சிலரோடு சேர்ந்து, கட்டணம் வாங்காத ஓர் ஆய்விதழைத் தொடங்கினாய். இணைய இணைப்பு இருக்கும் நேரம் பார்த்துக் கட்டுரைகள் எனக்கு வரும். ஆங்கிலத்தைப் பார்த்து அனுப்புவேன். ஆட்டுக்கு வரும் நோய், கிணற்று நீரில் உப்பு, வாழையில் புழு என்று நைல் கரையிலிருந்தும் அதற்குக் கீழே உள்ள நாடுகளிலிருந்தும் வந்தன. எவ்வளவு மோசமாக எழுதப்பட்டதையும் நீ இரண்டு பத்தியில் திருப்பி அனுப்பவில்லை. எந்த வரியில் என்ன பிழை என்று பக்கம் பக்கமாக எழுதினாய். உன்னிடம் தேறிய கட்டுரைகளைக் காட்டிச் சிலர் பெரிய இடங்களில் வேலைக்குச் சேர்ந்தார்கள்.

உன் புதிய கட்டுரையை மட்டும் அதில் போட மறுத்தாய். சொந்தப் பத்திரிகையில் சொந்தக் கட்டுரை போட்டால் குறை சொல்பவர்களுக்கு வாய்ப்பாகிவிடும் என்றாய். வெளியே அனுப்பினாய். திருத்தம் கேட்டார்கள், செய்தாய். மறுபடி கேட்டார்கள். உன் இணைப்பை நம்ப முடியாது என்று தொடர்புக்கு என் மின்னஞ்சல் முகவரியையும் கொடுத்திருந்தாய்.

மார்பில் கட்டி என்று நீ சொன்னபோது அது பழையதாகிவிட்டிருந்தது. தலைநகருக்குப் போகும் சாலை மூடியிருந்தது. திறந்தபோது மருத்துவர்களால் செய்ய அதிகம் இல்லை. உன் தம்பி ஆங்கிலத்தில் இரண்டு வரி அனுப்பினான். அதில் ஓர் இலக்கணப் பிழை இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ராக்கம்மா அக்கா விஷயம் கேள்விப்பட்டு வந்து, மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டுப் போனார்.

நீ போன பிறகுதான் கட்டுரையை ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்தது. பின்னாலேயே, அச்சுக்கு முன் சரிபார்த்துத் தர வேண்டிய மெய்ப்பும் வந்தது. அதில் முதல் கேள்வி இதுதான்: ஆசிரியர்களின் இயற்பெயர், குடும்பப் பெயர் ஆகியவை சரியாக அடையாளம் காணப்பட்டுள்ளனவா என்று உறுதி செய்க. உன் தம்பியிடம் சம்மதம் கேட்டுக்கொண்டு நான் பதில் எழுதினேன். இவருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. முதலில் இருப்பது இவர் பெயர், அடுத்தது இவருடைய தந்தையின் பெயர். இரண்டையும் சுருக்காமல் அச்சிட வேண்டும். இவர் இப்போது இல்லை. எளிய ஆங்கிலம்தான், ஆனால் அவ்வளவு கவனமாக நான் எதையும் எழுதியதில்லை.

கட்டுரை வந்தது, பொன்னு. தலைப்புக்குக் கீழே நீயும் உன் அப்பாவும் முழுதாக, பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறீர்கள். அருகே ஒரு சின்னச் சிலுவைக் குறி. இறந்தவர்களுக்கு அவர்கள் வைக்கும் அடையாளம் அது. பக்கத்தை அச்செடுத்துப் பாண்டி அண்ணனிடம் காட்டினேன். எது உன் பெயர், எது அப்பா பெயர் என்று கேட்டு இரண்டையும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

உன் ஆய்விதழ் நிற்கவில்லை. உன் நண்பர்கள் நடத்துகிறார்கள். எனக்குக் கட்டுரைகள் வந்துகொண்டிருக்கின்றன. போன வாரம் உகாண்டாவிலிருந்து ஓர் இளைஞரின் கட்டுரை வந்தது, அச்செடுத்துப் படித்தேன். சோளத்தில் ரகங்களைக் கலந்து விதைத்துப் பார்த்திருக்கிறார். கடைசிப் பக்கத்தில், அவர் ஆதாரமாகக் கொண்ட கட்டுரைகளின் வரிசையில் உன்னைக் கண்டேன். எல்லாரும் பின்பற்றும் முறைப்படி கடைசிப் பெயர் முழுதாகவும் முதல் பெயர் ஓர் எழுத்தாகவும் இருந்தது. உன் அப்பா நிற்கிறார். நீ புள்ளியாகிவிட்டாய். இனி யார் எங்கே உன்னைச் சொன்னாலும் அப்படித்தான் சொல்வார்கள். உனக்கு அது சம்மதமாக இருந்திருக்குமோ என்னவோ. எனக்கு ஆறவில்லை.

பக்கங்களைத் திருப்பி முன்னால் வந்தேன். உன் முடிவை அந்த இளைஞர் நன்றாகப் புரிந்துகொண்டு, அழகாக விளக்கியிருந்தார். பெக்கெலெ என்ற ஆய்வாளர் இதைக் கண்டறிந்தார் என்று எழுதி, அடுத்த வாக்கியத்தை ஆங்கிலத்தில் 'ஹி' என்று ஆரம்பித்திருந்தார். பெயரைப் பார்த்து ஆண் என்று நினைத்திருக்கிறார். பென்சிலை எடுத்து, அந்தச் சொல்லுக்கு முன்னால் 'எஸ்' என்று ஓர் எழுத்தைச் சேர்த்தேன். அடுத்த பத்தியிலும் இருந்தது. அதிலும் சேர்த்தேன்.